மூணாவது வெட்டு

உக்காருங்க டீச்சர். கிரீடம் ஒண்ணு, அங்கி ஒண்ணு, வாள் நாலு, அம்புட்டுத்தானே? தாரேன். பள்ளிக்கூட ஆண்டுவிழான்னு வந்து நிக்கிறீங்க, இல்லைன்னா சொல்லப் போறேன்? மன்றத்துப் பெட்டிச் சாவி இருபத்திரண்டு வருசமா என் இடுப்புலதான் கிடக்கு. ஆனா அந்த வளைஞ்ச வாளை மட்டும் எடுக்காதீங்க. அதைப் பிள்ளைங்க கையில குடுக்க மாட்டேன். ஏன் வளைஞ்சுச்சா? நீங்க ஒருத்தர்தான் கேக்காம இருந்தீங்க, நீங்களும் கேட்டுட்டீங்க. சரி, காபி வரட்டும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். சின்ன விசயம்தான்.

நான் இங்க நூல் மில்லுல பிட்டரா இருந்தேன். எங்க மில்லுக்காரங்களுக்கு ஒரு மனமகிழ் மன்றம் உண்டு. வருசா வருசம் காணும் பொங்கலன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்துல நாடகம். அம்பது வருசமா ஒரே நாடகம்தான். எந்தப் புண்ணியவான் எழுதினானோ, நோட்டுல பேரு கிழிஞ்சு போச்சு. ஒரு ராஜா. அவருக்கு ஒரே மகன், ஊர் சுத்தி, கள்ளுக்கடையே கதின்னு கிடக்கிறவன். பேரைக் கெடுத்துக்கிட்டவன். கடைசியில எதிரி படையெடுத்து வாரான். போர்க்களத்துல ராஜா அடிபட்டு விழுந்துடுவாரு. கூட இருந்த அத்தனை பேரும் ஓடிப் போவான். இந்தத் தறுதலை மகன் மட்டும் அப்பனுக்குக் குறுக்க வந்து நிப்பான். எதிரித் தளபதியோட சண்டை. மூணாவது வெட்டுல தளபதி விழணும். அப்புறம் ராஜா எந்திரிச்சு ஒரு வசனம் சொல்லுவாரு. அந்த வசனத்துக்குத்தான் ஊரே காத்திருக்கும். எங்க ஊருல கைப்பிள்ளைக்குக்கூட அது மனப்பாடம்.

ராஜா நான்தான். வேற யாரு? இந்தத் தொண்டை எவனுக்கு இருக்கு சொல்லுங்க. ராஜா வேஷம் தவிர மத்த வேஷத்துக்கெல்லாம் மில்லு வாசல் பிள்ளையார் முன்னால சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பேரு வருதோ அவன்தான் நடிக்கணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது, பிள்ளையார் குடுத்த வேஷம்.

அந்த வருசம் இளவரசனுக்கு வந்த பேரு செல்வக்கனி. எங்க மில்லு டைம் ஆபீஸ்ல வருகை எழுதுற கிளார்க்கு. என் மகள் வனஜோதி வீட்டுக்காரரு. என் மாப்பிள்ளை.

அவருக்கும் எனக்கும் அப்ப மூணு வருசமாப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் இல்லாமப் பேசாம இருக்க நான் என்ன பைத்தியமா? கேளுங்க. கல்யாணம் முடிஞ்சு ஏழாம் நாள் மறுவீடு. புதுமாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து விருந்து வைக்கணும்ல. என் பொஞ்சாதி சீனியம்மா விடியக்காலைல இருந்து ஆட்டுக்கறி, கோழி, விரால்மீனுன்னு அடுப்படியில கிடந்து வெந்தா. நானும் மாப்பிள்ளையும் பஸ் ஸ்டாண்டுல இறங்கி முன்னால நடந்து வாரோம், பொம்பளைங்க பின்னால. ரேஷன் கடை முக்குல கோயில் காளை நிக்குது. சாதுவான மாடு. நான் சும்மா, வெளியூர்ப் பிள்ளைக்கு நம்ம ஊரு மாட்டைக் காட்டுவோமேன்னு, தோள்ல கிடந்த துண்டை எடுத்து ரெண்டு வீசு வீசினேன். அதுக்கும் நடந்ததுக்கும் சம்பந்தமே இல்லை. அதுக்கு அன்னிக்கு வேற என்ன கோவமோ, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க. திரும்பிப் பாக்குறேன், மாப்பிள்ளையைக் காணோம். ரேஷன் கடைச் சுவத்து மேல நிக்கிறாரு. பட்டு வேட்டி, சட்டை எல்லாத்தோடவும். எப்படி ஏறினாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் சாக்கடையில. என் வேட்டி மாட்டுக் கொம்புல. அது பாட்டுக்கு வேட்டியோட மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துச்சு. ஊரு பூரா பாத்துச்சு டீச்சர். மாமனார் சாக்கடையில கிடக்கிறப்ப மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தவருக்கு என்ன விருந்து? வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். ஆக்கினதெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போச்சு. சீனியம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. அன்னைல இருந்து மகள் மட்டும் வருவா, போவா. அவரு தெருமுக்குல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. என் வாசப்படி மிதிச்சது கிடையாது.

இப்ப பிள்ளையார் அவருக்கு இளவரசன் வேஷத்தைக் குடுத்துட்டாரு. சீட்டு டப்பாவுல அவரு பேரை எழுதிப் போட்டது என் மகள்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ஒரு சீட்டு இல்லை, ஒம்பது சீட்டு போட்டிருக்கா. என் மகள்ல, மூளைக்குக் குறைச்சல் இல்லை.

எனக்கு முதல்ல கடுப்பு. அப்புறம் யோசிச்சேன். அட, இது நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளைன்னா வெளிய என்ன கோவம் இருந்தாலும் 'வாங்க, போங்க'ன்னுதான் சொல்லியாகணும். மருவாதி விட்டுப் போகக் கூடாதுல்ல? மேடையில அவரு என் மகன். 'நீ' போடலாம். 'மூடனே' சொல்லலாம். நாடகத்துல ராஜா மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிற காட்சி ஒண்ணு உண்டு. நோட்டுல நாலே வரி. ஒத்திகையில முதல் நாள் நான் நாலை நாப்பது ஆக்கினேன். கோழை, தொடைநடுங்கி, ஆபத்துன்னா மதில்மேல் ஏறுறவன்னு ஒண்ணு விடாம எடுத்து விட்டேன். ஒத்திகை பாக்க வந்தவன்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவரு தலையைக் குனிஞ்சு நின்னு, நான் மூச்சு விட நிறுத்தினதும், நோட்டுல உள்ள மாதிரியே, 'பிழை பொறுத்தருள வேண்டும் தந்தையே'ன்னாரு. ஒரு வார்த்தை கூடக் கூட்டலை. அவருகிட்ட அதுதான் எனக்குப் பிடிக்காதது. திருப்பி நாலு பேசினா நமக்கும் தெம்பா இருக்கும்ல.

அதெல்லாம் சரி, கடைசி வசனத்துக்கு வந்தப்பதான் எனக்குத் தொண்டையில சிக்குச்சு. 'மகனே! இழந்த பெயரை இன்று வாளால் மீட்டாய். எழுந்து என் பக்கத்தில் நில்.' இதை நான் அவரைப் பாத்துச் சொல்லணுமாம். யாரைப் பாத்து? சுவத்து மேல நின்னவரைப் பாத்து. சொன்னா என்ன ஆகும்? எண்ணூறு பேரு முன்னால நான் மன்னிச்சதா ஆயிடும். மறுநாளே விருந்து வைக்கணும். நான் 'ம்'னு ஒரு உறுமல் உறுமிட்டு இறங்கிப் போயிட்டேன்.

திருமேனி வாத்தியார்னு ஒருத்தர், திரைக்குப் பக்கத்துல நோட்டை வச்சுக்கிட்டு நின்னு வசனம் எடுத்துக் குடுப்பாரு. மறுநாளும் அதுக்கு மறுநாளும் எடுத்துக் குடுத்துப் பாத்தாரு. நான் சொல்லலை. நாலாம் நாள் அவரு கையில இருந்து நோட்டைப் பிடுங்கி, சிவப்பு மையால அந்த வசனத்து மேலயே அடி அடின்னு அடிச்சேன். ஒரு எழுத்து தெரியாது. எடுத்துக் குடுக்கிறதை இனிமே குடும்னு சொல்லிக் குடுத்தேன்.

அன்னிக்கு மத்தியானம் வனஜோதி வந்தா. அழலை, சண்டை போடலை. வாசல்லயே நின்னுக்கிட்டு, 'அந்த ஒரு வசனந்தாம்பா கேக்குறேன். அதைச் சொல்லிடுங்க. இல்லைன்னா அடுத்த பொங்கலுக்கு நானும் தெருமுக்குலயே நின்னுக்கிறேன்'னா. சொல்லிட்டுப் போயிட்டா. அவ அம்மா எனக்கு அன்னிக்குக் குழம்புல உப்பே போடலை.

இப்ப நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? வசனத்தைச் சொன்னா மானம் போச்சு. சொல்லலைன்னா மகள் போச்சு. ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். நல்ல வழி. இளவரசன் ஜெயிச்சாத்தானே பாராட்டணும்? ஓடிட்டான்னா?

தளபதி வேஷம் உக்கிரபாண்டிக்கு விழுந்திருந்துச்சு. பேல் கிட்டங்கி, அதான் பஞ்சுப் பொதி அடுக்குற குடோன் ஆளு. பஞ்சு பேலை ஒத்தையில உருட்டுற உடம்பு. தனியாக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்துச் சொன்னேன். 'மூணாவது வெட்டுல விழாதடா. நாலு போடு, நிசமாப் போடு. அவரு எறங்கி ஓடிருவாரு. எனக்கு அது போதும்.' அவன் முழிச்சான். 'அண்ணே, பாவம்ணே'ன்னான். அடுத்த வருசம் ராஜா வேஷம் உனக்குத்தான்னேன். டீயை முழுசாக் குடிச்சு முடிச்சிட்டு, சரின்னான். அந்த வேஷத்தை இன்னும் குடுக்கலை, அது வேற விசயம்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. எங்க வாளு மரவாளு இல்லை. பஞ்சு பேலைச் சுத்திக் கட்டுற இரும்புப் பட்டை இருக்குல்ல, அதை வெட்டி, முனை மழுக்கிக் கைப்பிடி போட்டது. நான் அடிச்சதுதான். வெட்டாது. ஆனா பட்டா அந்த இடம் ஒரு வாரத்துக்குப் பேசும்.

காணும் பொங்கல் வந்துச்சு. வெயில் தாழலை, மைதானம் நெறைஞ்சு போச்சு. வனஜோதி முன்வரிசையில. கண்டிக்கிற காட்சியில நான் பேசினதுக்கு அஞ்சு தடவை கைதட்டல். மேனேஜரே கண்ணைத் துடைச்சாரு. அப்புறம் போர்க்களம். நான் அடிபட்டு விழுந்தேன். விழுந்தா அசையக் கூடாது, வசனம் வார வரைக்கும் அப்படியே கிடக்கணும். கிரீடத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளி விட்டுக்கிட்டு, அதுக்கு அடி வழியாப் பாத்துக்கிட்டே கிடந்தேன்.

மாப்பிள்ளை வந்தாரு. கண்ணாடி இல்லை, இளவரசனுக்குக் கண்ணாடி போட முடியாதுல்ல. அரைக்கண்ணுதான் தெரியும். வெலவெலன்னு கால் நடுங்குறது எனக்குக் கீழ இருந்து நல்லாத் தெரிஞ்சது. சிரிப்பை அடக்கிக்கிட்டேன். ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு, வாளோட வாளு தட்டுது. மூணாவது வெட்டு. உக்கிரபாண்டி விழலை.

சனம் ஒரு மாதிரி முணுமுணுத்துச்சு. நாலாவது, மாப்பிள்ளை தோள்ல விழுந்துச்சு. நிசமான அடி. அந்த வாளுதான் டீச்சர், அங்கதான் வளைஞ்சது. அவரு ரெண்டு எட்டு பின்னால போனாரு. இப்ப ஓடுவாரு, இப்ப ஓடுவாருன்னு நான் பாக்குறேன். பக்கத்துலயே படிக்கட்டு. அவரு படிக்கட்டுப் பக்கம் போகலை, என் பக்கமா வந்து நின்னாரு. இன்னொரு அடி. முழங்கால் மடங்கிக் கீழ விழுந்தாரு. எந்திரிச்சாரு. மறுபடி விழுந்தாரு. மறுபடி எந்திரிச்சாரு. உக்கிரபாண்டி ஒவ்வொரு அடிக்கும் வாய்க்குள்ள என்னமோ முனகுறான், எனக்குக் கேக்கலை. ஆறாவதோ ஏழாவதோ அடி வாயில பட்டு உதடு கிழிஞ்சிருச்சு. என் அங்கி மேல சொட்டுச் சொட்டா ரத்தம்.

சிரிச்சவன் ஒருத்தனும் இப்ப சிரிக்கலை. வனஜோதி எந்திரிச்சு நிக்கிறா. நான் கிரீடத்தைப் பின்னால தள்ளி நல்லாப் பாத்தேன். பயமெல்லாம் இல்லை, நான் எதுக்குப் பயப்படப் போறேன்? விளையாட்டு நிக்கணும், அம்புட்டுத்தான். அவரு குதிகாலு என் விலாவுல வந்து முட்டுது. அதுக்கு மேல பின்னால போகணும்னா என்னை மிதிச்சுத்தான் போகணும். போகலை. அங்கயே காலை அகட்டி ஊனி நிக்கிறாரு. என்னால முடியலை. அடிபட்டுக் கிடக்கிற ராஜா வாயைத் திறந்து முனகினேன்.

"ஓடுங்க மாப்ளே."

மூணு வருசம் கழிச்சு, நாடக வசனம் இல்லாம நான் அவருகிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான். அவரு குனியலை. திரும்பலை.

"மாட்டேன் மாமா. நீங்க கிடக்கீங்க."

உக்கிரபாண்டி அதைக் கேட்டுட்டான்னு நினைக்கிறேன். ஓங்கின கையை அப்படியே கீழ போட்டான். வாளைத் தூக்கித் திரைப்பக்கம் எறிஞ்சுட்டு, அவரு வெட்டுறதுக்கு முன்னாலயே தொம்முன்னு தானா விழுந்துட்டான். அம்பது வருசத்துல வெட்டு வாங்காமச் செத்த தளபதி அவன் ஒருத்தன்தான்.

இப்ப நான் எந்திரிக்கணும். எந்திரிச்சேன். வசனத்தைச் சொல்லணும். சத்தியமாச் சொல்றேன் டீச்சர், அப்ப சொல்லணும்னுதான் இருந்துச்சு. வாயைத் திறக்குறேன், வரலை. மறந்து போச்சு. வருசா வருசம் சொன்ன வசனம், ஒரு மாசமா விழுங்கி விழுங்கி எங்கயோ போயிடுச்சு. 'மகனே'ங்கிறது கூட வரலை. வாத்தியாரைப் பாக்குறேன். வாத்தியார் நோட்டைப் பாக்குறாரு. நோட்டுல சிவப்பு மை. அவரு நோட்டை அப்படியே என் பக்கமாத் திருப்பிக் காட்டி, கையை விரிச்சுட்டாரு.

எண்ணூறு பேரு. எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. மாப்பிள்ளை உதட்டுல ரத்தத்தோட என் முன்னால முட்டி போட்டு நிக்கிறாரு, என் மூஞ்சி தெரியாம அரைக்கண்ணால தேடுறாரு. நான் என்னத்தைச் சொல்ல? வாயில வந்ததைச் சொன்னேன். ராஜா தொண்டையிலதான் சொன்னேன், கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

ஒரு நிமிசம் யாருக்கும் புரியலை. அப்புறம் மைதானம் கிழிஞ்சு போச்சு. விசிலு, கைதட்டு, துண்டைத் தூக்கி எறியிறான். அந்தச் சத்தத்துக்கு நடுவுல மாப்பிள்ளை நோட்டுல உள்ள அடுத்த வரியை ஒழுங்காச் சொல்றாரு. 'தங்கள் ஆணை, தந்தையே.' எழுத்துப் பிசகாம.

மறுநாள் சரியா பன்னெண்டரைக்கு வந்தாரு. மூணு வருசம் தாமதமான மறுவீடு. சீனியம்மா அன்னிக்கு மாதிரியே எல்லாம் ஆக்கி வச்சிருந்தா. ஆக்கி என்ன செய்ய? உதடு பன்னு மாதிரி வீங்கி இருக்கு, காரத்தைக் கிட்டக் கொண்டு போக முடியலை. இலை நெறைய கறியும் மீனும் கிடக்கு, மனுசன் ரசஞ்சோத்தைக் குழையக் கரைச்சு வாயோட ஒரு ஓரமா ஊத்திக்கிட்டு இருக்காரு. நான்தான் பரிமாறினேன். மாமனார் பரிமாறுறதுதான் முறை.

வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னாரு. உக்கிரபாண்டி மேல கோவப்படாதீங்க, ஆட்டத்து வேகத்துல அடிச்சிட்டான்னு பெரிய மனுசத்தனமாச் சொன்னேன். அவரு ரசத்தை உறிஞ்சுக்கிட்டே, சாதாரணமாச் சொல்றாரு.

"அவரு முந்தின நாளே டைம் ஆபீசுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு மாமா. அழுதாரு. மூணாவது வெட்டுலயே விழுந்துடுறேன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். மாமா சொன்னபடியே அடிங்க, நான் நின்னு பாக்குறேன்னேன்."

என் கையில ரசக் கரண்டி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே மேடை ஏறியிருக்காரு. அடி விழும்னு தெரியும், சொன்னது யாருன்னும் தெரியும். அடுப்படி வாசல்ல தாயும் மகளும் நிக்கிறாங்க. அவளுகளுக்கும் அப்பதான் விசயம் தெரியுது. சீனியம்மா பாத்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். என்னத்துக்குய்யா இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கலை.

"அவரு மூணாவது வெட்டுல விழுந்திருந்தா நான் நடிச்சதாத்தான் இருந்திருக்கும் மாமா. ரொம்பப் பயந்தேன். மாட்டைப் பாத்து எப்படிப் பயந்தேனோ அதே பயம்தான். ஆனா நிக்க முடியுமான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

தப்பு என்னோடதுன்னு சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லியிருக்கலாம். மாமனாரு மாப்பிள்ளைகிட்ட அதையெல்லாம் சொல்ற வழக்கம் உண்டா? நீங்க சொல்லுங்க. அப்பத்தான், எங்க இருந்து வந்துச்சோ, அந்தப் பாழாப்போன வசனம் மொத்தமா வாய்க்கு வந்துருச்சு. கிரீடம் இல்லை, அங்கி இல்லை, பனியனும் கைலியும். சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், ராஜா தொண்டையில இல்லை.

"மகனே. இழந்த பெயரை இன்று வாளால் மீட்டாய். எழுந்து என் பக்கத்தில் நில்."

இந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? எந்திரிச்சுட்டாரு. பாதிச் சாப்பாட்டுல, எச்சிக் கையோட, இலையைத் தாண்டி வந்து என் பக்கத்துல நின்னுட்டாரு. சீனியம்மா கத்துறா, விருந்துக்கு வந்தவரு இலையில சோத்தை வச்சுட்டு எந்திரிக்கலாமா, உக்காரச் சொல்லுங்கன்னு கத்துறா. வனஜோதி சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாளா அழுகுறாளான்னு தெரியலை. உக்காருங்கன்னு நான் சொல்லத்தான் செஞ்சிருக்கணும். சொல்லலை டீச்சர். ரசம் ஆறிப்போற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தோம்.